மணலில் எழுதிய விரல்

நம் பங்குப் பள்ளியில் முதியவர்கள் 'அ' எழுதப் பழகியது மணலில்தான். விரல் ஓட, வாய் உரக்கச் சொல்லும். 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆங்கிலிக்கன் குருவானவர் ஆண்ட்ரு பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவ்வாறு எழுதக் கண்டு, தம் விடுதியிலும் புகுத்தினார். உபாத்தியாயர்கள் உடன்படவில்லை; எட்டு வயதுச் சிறுவனே கற்பித்தான்! 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால் நம் மணல் கடல் கடந்தது.

1907 சனவரி 6, மூன்றரசர் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ ஏழைக் குடியிருப்பில் மரியா மொந்தெசோரி அம்மையார் குழந்தைகள் இல்லம் திறந்தார். அங்கே பிள்ளைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி ஒலித்தனர். முதலில் எழுத வந்தது. வாசிப்பு அதன்பின் வந்தது. 1939-இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார்.

நம் வகுப்பறையில் மணல் அழுக்கென்று அகற்றியது நாமேதான். அதற்குப் பாராட்டும் பெற்றோம். சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்புச் சகோதரி உப்புத்தாள் எழுத்துகளைக் கொணர்ந்தபோது, "இது எந்த நாட்டு முறை?" என்று வியந்து கேட்டோம். பேத்தியை அழைத்துப்போக வந்திருந்த பாட்டி ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, "சாமி, நாங்க மணல்லே எழுதினதுதானே இது?" என்றார்.