பாட்டைச் சுமந்தவர்களும் பறையை மறுத்தவர்களும்



பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருபவர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஏடுகள் தேடித் திரட்டப்பட்டன, புத்தகசாலை அமைந்தது, 'செந்தமிழ்' இதழ் வந்தது. பெரிய பணிதான். ஆனால் இதே மானாவாரி மண்ணில் கம்பும் குதிரைவாலியும் விளைவித்து, சாவு வீட்டில் ஒப்பாரி வைத்த நம் பாட்டிமார்களின் நாவில் இருந்த ஏட்டைத் தேடிச் சேரிக்கு யார் வந்தார்கள்? எழுத்தில் இல்லாததால் நமக்கு வரலாறே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அதற்கு ஒரு மறுமொழி மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

சியரா லியோனின் தெற்கிலும் கிழக்கிலும் வாழ்பவர்கள் மெண்டே மக்கள். காட்டை வெட்டி எரித்து மேட்டு நிலத்தில் நெல் விதைப்பவர்கள். ஆண்பிள்ளைகளுக்குப் போரோ, பெண்பிள்ளைகளுக்குச் சாண்டே என்று இரண்டு சபைகள். வாழ்க்கைக்கு வேண்டியதை அங்கேதான் கற்றார்கள். சாண்டே சபையில் மரத்தில் செதுக்கிய கறுப்பு முகமூடியை அணிந்து ஆடுபவர்கள் பெண்களே. ஆப்பிரிக்காவில் இது மிக அரிது.

இந்த மக்களை அடிமைக் கப்பல்கள் அள்ளிச் சென்றன. 1839இல் 'அமிஸ்தாத்' கப்பலில் செங்பே பியே என்ற மெண்டே விவசாயியின் தலைமையில் அடிமைகள் எழுந்து கப்பலைக் கைப்பற்றினார்கள். அமெரிக்கச் சிறையில் அவர்கள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. கிப்ஸ் என்ற பேராசிரியர் அவர்களிடம் ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் அந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஜேம்ஸ் கோவி என்ற மாலுமிக்கு அது புரிந்தது. அவர் மொழிபெயர்க்க, வழக்கு நடந்தது. 1841இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1843இல், இந்தியாவில் அடிமை முறைக்கு எதிரான ஐந்தாம் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் நம் பண்ணையாள்கள் பண்ணையாள்களாகவே இருந்ததை நீங்கள் அறிவீர்கள்.

இன்னொரு செய்தி. 1930களில் அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் அமீலியா டாலி என்ற கறுப்பினப் பெண் பாடிய பாட்டை, லோரென்சோ டர்னர் என்ற கறுப்பின மொழியறிஞர் பதிவு செய்தார். பாடியவருக்கே அதன் பொருள் தெரியாது. தாயிடம் கேட்டதைப் பாடினார். அது மெண்டே மொழி என்று சியரா லியோனிலிருந்து வந்த ஒரு மாணவர் கண்டுகொண்டார். 1990இல் ஆய்வாளர்கள் செனேஹுன் இங்கோலா என்ற ஊருக்குப் போனபோது, பெண்டு ஜபாட்டி என்ற பெண் அதே பாட்டைப் பாடினார். அது இறந்தவருக்குப் பெண்கள் விடைகொடுக்கும் பாட்டு. பிரிந்துபோன உறவை அடையாளம் காண உதவும், மறக்காதே என்று பாட்டி சொல்லியிருந்தாராம். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊர் மண்ணை மிதித்தார். ஏடில்லை, கல்வெட்டில்லை. ஓர் ஒப்பாரிதான் கடலின் இரு கரைகளையும் சேர்த்தது.

ஆனால் தோழர்களே, மரபு முழுவதையும் தலையில் வைத்துக் கொண்டாட நான் சொல்லவில்லை. சாண்டே சபையில் பெண்ணுறுப்புச் சிதைப்பும் சடங்காக இருக்கிறது. அதை எதிர்த்து அந்நாட்டுப் பெண்களே போராடுகிறார்கள். கல்வி இருக்கட்டும், பாட்டு இருக்கட்டும், கத்தி வேண்டாம் என்கிறார்கள்.

நமக்கும் இதே கேள்வி பறையில் இருக்கிறது. சாவுக்குப் பறையடிப்பதும், கேதம் சொல்லி ஊர் ஊராக நடப்பதும் நம்மீது சுமத்தப்பட்ட ஊழியம். அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காகப் பல ஊர்களில் நம்மவர்கள் அடி வாங்கினார்கள், ஊர்விலக்கம் கண்டார்கள். அந்த மறுப்பும் நம் வரலாறுதான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை விடுதலையின் மொழியாக்கினார். பறை நம் மேடைக்கு வந்தது. பறையைக் கீழே போட்டவரும் எடுத்து அடித்தவரும் ஒருவருக்கொருவர் பகையல்லர். ஊர் சொல்லி அடித்தால் அது அடிமைத்தனம். நாமே விரும்பி அடித்தால் அது கலை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சொல்லும் உரிமை அதைச் சுமந்தவர்களுக்கே உண்டு. அந்த உரிமைக்குப் பெயர்தான் பண்பாடு.

மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் அப்பத்தாவிடம், அம்மாச்சியிடம் உட்காருங்கள். கையில் செல்போன் இருக்கிறது, பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் கேட்காதீர்கள். யார் வீட்டுச் சாவுக்குப் பாடப் போனீர்கள், கூலி என்ன தந்தார்கள், எந்த இடத்தில் உட்காரவைத்தார்கள் என்றும் கேளுங்கள். பாட மாட்டேன் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.