திரும்பிப் போன விமானம்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டதுபோல இதையும் பொறுத்துப் படியுங்கள்.

போன ஐப்பசியில் ராஜபாளையத்தில் என் அக்கா தவறிப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய இளைய மகன் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தான். மதியம் மதுரையில் இறங்கியிருந்தால் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்திருப்பான். ஆனால் மதுரைக்கு மேலே இடியும் மின்னலும். விமானம் வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது. இருட்டிய பிறகு வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மூத்தவன்தான் கொள்ளி வைத்தான். இளையவன் வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இன்னொரு தடவை இறக்கிப் பார்த்திருக்கலாம்ல மாமா?" என்று அன்று கேட்டான். இன்றும் கேட்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் சரித்திரமும் பூகோளமும் நடத்தியவன் நான். எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன்.

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் பைகளோடு கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அந்தத் தபாலை மதராஸுக்குக் கொண்டுவந்தார். ரேடியோ கிடையாது. ராடாரும் கிடையாது. விமானியின் கண்தான் வானிலை அறிக்கை. பம்பாயில் அவர்கள் இறங்கிய ஜூஹு மைதானம் மழைக்காலம் வந்தால் தண்ணீரில் மூழ்கிவிடும். என்ன செய்தார்கள்? மழை மாதங்களில் மூட்டை முடிச்சோடு பூனாவுக்குப் போய் அங்கிருந்து பறந்தார்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து முதலில் கற்ற பாடமே, மழையோடு மல்லுக்கு நிற்காதே, இடத்தை மாற்று என்பதுதான்.

அடுத்த பாடத்துக்கு விலை அதிகம். இடிமேகத்திலிருந்து சில சமயம் குளிர்ந்த காற்று அருவிபோலக் கீழே கொட்டும். தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். இறங்கும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கிடைக்கும். சில நொடிகளில் அதுவே பின்காற்றாக மாறும். தூக்கும் விசை சட்டென்று போய்விடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் இப்படித்தான் ஒரு விமானம் விழுந்து 137 பேர் இறந்தார்கள். இத்தகைய காற்றை எச்சரிக்கும் கருவிகள் அங்கே கட்டாயமானது அதன் பிறகுதான். கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர் விலகிப் போ என்பது இன்று விமானிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு!

சரி, விலகி எங்கே போவது? அதையும் கிளம்பும்போதே யோசித்துவிடுகிறார்கள். போகிற ஊர் வரைக்கும், அங்கே முடியாவிட்டால் மாற்று நிலையம் வரைக்கும், அதற்கும் மேலே 30 நிமிடம் பறக்கவும் எரிபொருள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வீட்டில் அரிசிப் பானையில் ஒரு படி எப்போதும் மிச்சம் வைப்பார்களே, அதுபோல.

இங்கே பூகோளம் வருகிறது. நம் மேற்கு மலையை நினைத்துப் பாருங்கள். ஆனி ஆடியில் அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும். இந்தப் பக்கம் நமக்குச் சாரல்தான். அதனால் அங்கே இறங்க முடியாத விமானங்கள் பல நேரம் கோயம்புத்தூருக்கு வரும். 2015 ஆகஸ்ட் 18 அன்று தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு விமானம், மூன்று முறை முயன்றும் ஓடுபாதை தெரியாமல் திருவனந்தபுரம் போனது. மலைக்கு அதே பக்கம்தான். அங்கேயும் பார்வை மறைந்தது. எரிபொருள் அநேகமாகத் தீர்ந்த நிலையில், மொத்தத்தில் ஏழாவது முயற்சியில் தரை தொட்டது. எல்லோரும் பிழைத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 7 அன்று அந்த அதிர்ஷ்டம் இல்லை. கொரோனா நேரத்தில் துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் ஒரு முறை முயன்று மேலெழுந்தது. இரண்டாம் முறை இறங்கியது. ஓடுபாதையில் நெடுந்தூரம் தள்ளித் தரை தொட்டதால் நிற்க முடியாமல், மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் மரணம். வேறு ஊருக்குப் போக எரிபொருள் இருந்தது. மேலெழும்பியிருக்க வேண்டிய நேரத்தில் மேலெழும்பாமல் இறக்கியதே முக்கியக் காரணம் என்றது விசாரணை அறிக்கை.

மருமகனே, நீ கேட்கும் அந்த 'இன்னொரு தடவை' இதுதான். உன் விமானி உன் துக்கத்தை அறியமாட்டார். அறிந்திருந்தாலும் அவர் திருச்சிக்குத்தான் போயிருக்க வேண்டும். உன்னோடு வந்தவர்களுக்கும் வீட்டில் ஆள் காத்திருந்தது.

ஒன்று உனக்குத் தெரியாது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போனோம். தாணிப்பாறையில் வெயில் அடித்தது. ஆனால் ஓடைத் தண்ணீர் கலங்கி வந்தது. மேலே மழை என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நான் அழுது புரண்டும் கையைப் பிடித்துத் திருப்பி இழுத்து வந்துவிட்டாள். "சாமி அங்கேயேதான் இருக்கும், அடுத்த அமாவாசைக்கு வருவோம்டா" என்றாள்.

அன்று உன்னைத் திருப்பிக்கொண்டு போனவர்மேல் உன் அம்மாவுக்குக் கோபம் இருந்திருக்காதப்பா.