வாசலில் எண்ணியதும் வீட்டில் நடந்ததும்: பெருந்தொற்றுக் காலக் குழந்தை விபத்துகள் பற்றி ஒரு மறுவாசிப்பு

2020 வசந்தத்தில் பல நாடுகளின் குழந்தைகள் அவசரப் பிரிவுகள் வெறிச்சோடிக் கிடந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, அவ்வாண்டு மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரை அவசரப் பிரிவு வருகைகள் முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் குறைந்தன. பத்து வயதுக்கு உட்பட்டோரிடம் மட்டும் இந்தச் சரிவு 72 சதவீதம். அப்படியும் வந்த குழந்தைகளுள் வீட்டில் அடிபட்டோரின் பங்கு கூடியதாகப் பல ஆய்வுகள் எழுதின. ஊரடங்கில் வீடே ஆபத்தான இடமாகிவிட்டது என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியது. பெற்றோரைக் குற்றம் சொல்ல அது வசதியான பேச்சு. தரவு அதற்கு இடம் தருகிறதா என்பதுதான் கேள்வி.

பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் எலும்புமுறிவு ஆய்வை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டுகளில் அங்கே நாளொன்றுக்குச் சராசரியாக 22.5 குழந்தைகள் எலும்புமுறிவோடு வந்தார்கள். 2020 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அது 9.6 ஆகச் சுருங்கியது. வீட்டில் நேர்ந்த முறிவுகளின் பங்கோ 32.5 சதவீதத்திலிருந்து 57.8 சதவீதமாக உயர்ந்தது. பார்த்தவுடன் திடுக்கிட வைக்கும் உயர்வு. ஆனால் பங்கை எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்தால் படமே வேறு. முன்பு வீட்டு முறிவுகள் நாளுக்குச் சுமார் ஏழு, ஊரடங்கில் ஐந்தரை. விளையாட்டுத் திடல்களும் பள்ளிகளும் மூடப்பட்டதால் வகுக்கும் எண் சுருங்கியது, பங்கு வீங்கியது. குழந்தை நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், வீட்டில் கழித்த ஒரு மணி நேரத்துக்கான முறிவு இன்னும் குறைவாகவே வரும்.

அதற்காக வீடு பாதுகாப்பானதாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவமனை ஏடு எண்ணுவது விபத்தை அல்ல, வருகையை. கை வளைந்து தொங்கினால் எந்தத் தாயும் தொற்றுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள்; ஆகவே எலும்பு விலகிய முறிவு ஓரளவு நம்பகமான அளவுகோல். லேசான வீக்கம், சிறு வெட்டு, சின்னச் சுடுநீர்க் காயம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவை வீட்டிலேயே மஞ்சளோ களிம்போ கண்டு ஆறியிருக்கலாம், ஆறாமலும் போயிருக்கலாம். வந்தவர்களில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டோரின் விகிதம் கூடினால் அதைக் காயங்கள் கடுமையானதற்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் உண்டு. லேசான காயங்கள் வீட்டோடு நின்றுவிட்டாலே அந்த விகிதம் தானாக ஏறும்.

மருத்துவமனை வாசலைத் தாண்டாதவர்களையும் எண்ணும் ஓர் ஏடு தேவைப்படுகிறது. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களின் தொலைபேசிப் பதிவு அத்தகையது. 2020 ஜனவரி முதல் மார்ச் வரை துப்புரவுப் பொருள்கள், கிருமிநாசினிகள் தொடர்பாக அம்மையங்களுக்கு வந்த அழைப்புகள் 45,550. முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட இது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மருத்துவமனைகள் காலியாகத் தொடங்கிய மார்ச்சில்தான் அழைப்புகள் கிடுகிடுவென ஏறின. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இதில் பெரும்பங்கு. பாலர் பள்ளி வயதுக் குழந்தையொன்று, சுமார் இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள சானிடைசர் பாட்டிலிலிருந்து குடித்து நினைவிழந்து கிடந்த சம்பவமும் அந்தப் பதிவு பற்றிய அறிக்கையில் உண்டு. இங்கே உண்மையாகவே ஆபத்து கூடியிருக்கிறது என நினைக்கிறேன், காரணம் எளிது: முன்பு அந்த அளவு பாட்டில் வீட்டு மேசையில் இருந்ததில்லை. கூடியது கவனக்குறைவல்ல, கைக்கெட்டும் சரக்கு. அச்சத்தால் கூடுதலாகப் பேசப்பட்ட அழைப்புகளும் இதில் கலந்திருக்கும். அவற்றைக் கழித்தாலும் திசை மாறாது என்றே தோன்றுகிறது.

எனவே எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்பதற்கு ஒரே விடை இல்லை. விபத்தின் வகைக்கு ஏற்ப விடை மாறும். இந்த விவாதத்தில் அதைவிட முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது: காலதாமதம். இத்தாலியில் 2020 மார்ச்சில் ஐந்து மருத்துவமனைகளில் குழந்தைகளின் அவசர வருகை 73 முதல் 88 சதவீதம் வரை சரிந்தபோது, தாமதமாகக் கொண்டுவரப்பட்ட பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். ஆறு பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அவை விபத்துகள் அல்ல, பெரும்பாலும் நோய்கள். ஆனால் விபத்திலும் நேரம் அப்படித்தான் கொல்லும். பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து எதிர்மின்முனையில் காரம் உருவாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் திசு வேகத் தொடங்கும். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் வெளியே தெரிவது எச்சில் ஒழுகலும் இருமலும் சாப்பிட மறுப்பும்தான். இருமல் என்றாலே கொரோனா என்று கருதிய காலத்தில், வீட்டிலேயே தனித்திருங்கள் என்ற அறிவுரை இந்தக் குழந்தைக்கும் பொருந்துவதாகத்தானே பெற்றோருக்குத் தோன்றியிருக்கும்?

வருகை நேரத்தைக் கணினி தானே பதிகிறது. விபத்து நேர்ந்த நேரமோ பெற்றோர் வாய்மொழியாகச் சொல்வது. பெரும்பாலும் மருத்துவர் குறிப்பின் நடுவில் எங்கோ புதைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மணிக்கணக்கைத் தனிக் கட்டமாக்கிப் பதிந்திருந்தால், வந்த குழந்தைகளைப் பொறுத்தவரையிலாவது, அச்சம் எந்தக் காயத்தை எவ்வளவு நேரம் வீட்டில் பிடித்து வைத்தது என்று ஊகமின்றிச் சொல்லியிருக்க முடியும்.