எண்டர்பிரைஸ் கப்பலும் ராமையாவின் குடிசையும்

'ஸ்டார் டிரெக்' தொடர் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை ஓடியது. மொத்தம் 79 பகுதிகள். அன்றைக்கு அது பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. இரண்டாம் ஆண்டோடு மூடிவிடுவார்கள் என்ற பேச்சு வந்தபோது ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள், மூன்றாம் ஆண்டும் வந்தது. அதன் பிறகு வீடியோ கேசட், லேசர் டிஸ்க், டிவிடி என்று வடிவம் மாற மாற அதே தொடர் திரும்பத் திரும்ப வீடுகளுக்கு விற்கப்பட்டது. 2006இல் தொடங்கி, மூல நெகட்டிவ்களிலிருந்து ஒவ்வொரு பகுதியையும் புதிதாகப் பிரதி எடுத்து, விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் மறுபடி உருவாக்கினார்கள். 2009இல் அவை புளூ-ரே வட்டுகளாக வந்தன. பழைய காட்சி வேண்டுமா புதிய காட்சி வேண்டுமா என்று பார்ப்பவரே தேர்ந்துகொள்ளலாம்.

காவிரிப் படுகையில் சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு இதில் என்ன வேலை? இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று தேதி. மற்றொன்று நெகட்டிவ்.

முதலில் தேதி. அந்தத் தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலில் தகவல் தொடர்பு அதிகாரி உகூரா ஒரு கறுப்பினப் பெண். அந்தப் பாத்திரத்தில் நடித்த நிஷல் நிக்கோல்ஸ் விலக நினைத்தபோது, போகக்கூடாது என்று மார்ட்டின் லூதர் கிங் தன்னிடம் வலியுறுத்தியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1968 நவம்பர் 22இல் ஒளிபரப்பான பகுதியில் உகூராவும் வெள்ளையரான கேப்டன் கிர்க்கும் முத்தமிட்டுக்கொண்டார்கள். அது இன்றளவும் பேசப்படுகிறது.

அதற்கு 33 நாள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித் மக்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், கட்டிய செங்கொடியை இறக்க மறுத்ததும், நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேராமல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் உறுதியாக நின்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கிக் கிடந்த பண்ணையாட்கள் நிமிர்ந்து நின்று கூலி பேசியதை மிராசுகளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெண்மணிக்குப் பதினாறு நாள் கழித்து, 1969 ஜனவரி 10இல், ஸ்டார் டிரெக்கின் இன்னொரு பகுதி ஒளிபரப்பானது. புளூ-ரே வட்டு வைத்திருப்பவர்கள் மூன்றாம் ஆண்டுத் தொகுப்பில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். செரோன் என்ற கோளிலிருந்து இரண்டு பேர் கப்பலுக்கு வருகிறார்கள். இருவர் உடம்பும் நட்ட நடுவில் கோடு போட்டதுபோல் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவன் பீல், காவல் அதிகாரி. இன்னொருவன் லோகாய், அவன் 50,000 ஆண்டுகளாகத் துரத்தும் தப்பியோடி. இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேப்டனுக்குப் புரியவில்லை. பீலுக்கோ கேள்வியே வியப்பாக இருக்கிறது. தனக்கு வலப்பக்கம் கறுப்பு, லோகாயின் ஆட்களுக்கு இடப்பக்கம் கறுப்பு. இது கண்ணுக்குத் தெரியவில்லையா என்கிறான்.

அமெரிக்காவின் நிறவெறியைச் சொல்லத்தான் இதை எடுத்தார்கள். ஆனால் நிறத்தைவிட சாதிக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. வெளியிலிருந்து வருகிறவன் கண்ணுக்குத் தஞ்சாவூர் வயலில் நிற்கும் இரண்டு பேருக்கிடையே ஒரு வேறுபாடும் தெரியாது. உள்ளே இருப்பவனுக்கு எந்தத் தெரு, எந்தக் குளம், எந்தச் சுடுகாடு என்று எல்லாம் தெரியும். இல்லாத வேறுபாட்டை இருப்பதாகப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான் சாதியின் முதல் வேலை. சாதியைச் செங்கல் சுவர் போன்ற பருப்பொருள் அல்ல, அது ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார்.

அதே பகுதியின் கோளாறையும் சொல்லியாக வேண்டும். லோகாயின் மக்கள் அடிமைகளாக இருந்தவர்கள் என்பது அதிலேயே வருகிறது. ஆனால் கதை முடியும்போது இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். இருவரின் வெறுப்பும் சேர்ந்து செரோன் கோளையே எரித்துவிட்டதாம், மிச்சம் இருப்பது வெறுப்பு மட்டும்தானாம். அடித்தவனும் வெறுக்கிறான், அடிபட்டவனும் வெறுக்கிறான், ஆகவே இருவருக்கும் ஒரே புத்திமதி.

இந்த நியாயம் நமக்குப் புதிதா? வெண்மணியை விவசாயிகளுக்குள் நடந்த மோதல் என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. அதைக் கூலித் தகராறு என்று மட்டும் சொல்லி, சாதி என்ற சொல்லைத் தவிர்த்தவர்கள் இடதுசாரிகளிலும் உண்டு. அந்த இரவின் மோதலில் பண்ணையார் தரப்பு ஆள் ஒருவர் இறந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். 44 பேர் எரிந்த வழக்கில் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழ்நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. கார் இருந்தால் கை சுத்தம்! பீலின் கண்ணும் இப்படித்தான் பார்த்தது.

இனி நெகட்டிவ். ஸ்டார் டிரெக்கின் முதல் மாதிரிப் பகுதியை என்.பி.சி. நிராகரித்தது. அதன் வண்ணப் பிரதி முழுதாகக் கிடைக்கவில்லை. 1986இல் அதை வீடியோ கேசட்டாக வெளியிட்டபோது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியிடம் இருந்த கறுப்பு-வெள்ளைப் பிரதியையும் கிடைத்த வண்ணத் துண்டுகளையும் ஒட்டி வெளியிட்டார்கள். காட்சிக்குக் காட்சி நிறம் மாறும். அடுத்த ஆண்டே வெட்டி ஒதுக்கிய மீதி வண்ணப் படச்சுருள் ஒரு லேபில் கண்டெடுக்கப்பட்டது. 1988இல் முழு வண்ணத்தில் ஒளிபரப்பானது. ஒதுக்கப்பட்ட ஒரு கற்பனைக் கதைக்கு இவ்வளவு தேடல்!

ஆக, மறுவெளியீடு என்பது தொழில்நுட்பத்தின் பெருமை மட்டும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததன் பலன் அது. எதை வைத்திருப்பது என்று முடிவெடுப்பவர் யார்? கிராம அளவிலேயே பார்ப்போம். மிராசு வீட்டில் பத்திரம் இருக்கும், கணக்குப் புத்தகம் இருக்கும், கல்யாணப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். கோயிலில் கல்வெட்டு இருக்கும். கீற்றுக் குடிசையில் எது தங்கும்? மழை, வெள்ளம், தீ மூன்றும் முதலில் வருவது அங்கேதான்.

பார்ப்பதிலும் இதே கதைதான். 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு காலைகளில் ஸ்டார் டிரெக்கைக் காட்டியது. அந்தக் காலத்தை நினைத்து உருகும் கட்டுரைகளில் 'எல்லோரும் பார்த்தோம்' என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த எல்லோரில் சேரி இல்லை. டெல்டா கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டி முதலில் வந்தது ஊர்த்தெரு வீடுகளுக்கு. நம் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், அதுவும் விரட்டும் வரைக்கும். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை 'ஓட்டுக்கு லஞ்சம்' என்று படித்தவர்கள் பலர் கேலி செய்தார்கள். சொந்தத் தரையில் உட்கார்ந்து யாரும் விரட்டாமல் பார்ப்பது என்றால் என்ன என்பது சன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

வெண்மணியைப் புனைவாக்கியவர்கள் இருக்கிறார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதை ஒட்டி 1983இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படம் வந்தது. ஆனால் அந்த நாவல் பண்ணையாரின் ஆண்மைக் குறையைப் பெரிய காரணமாக்கி, சாதியையும் நிலத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்ற விமர்சனம் இன்றும் நிற்கிறது. எரிந்த மண்ணின் ஆட்கள் தங்கள் வாயால் பேசுவதைக் கேட்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் அந்த ஆண்டுதான் வந்தது. சம்பவம் நடந்து 37 ஆண்டுகள் கழித்து! அதற்குள் எத்தனை சாட்சிகள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்?

அந்தப் படம்தான் நம்முடைய நெகட்டிவ். அதைப் போற்றினால் மட்டும் போதாது. வெண்மணி இரவில் 10 வயதாக இருந்த குழந்தைக்கு இன்று 65ஐத் தாண்டிவிட்டது. சாணிப்பால் தண்டனையைக் கண்ணால் கண்டவர்கள் அதைவிட மூத்தவர்கள். நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் அவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பாரில்லை.

தோழர்களே, இதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. கையில் இருக்கும் செல்போன் போதும். பாட்டியின் நடவுப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். எந்தப் பண்ணையில் எத்தனை மரக்கால் கூலி அளந்தார்கள், எந்த மரக்காலில் ஏமாற்றினார்கள் என்று தாத்தாவிடம் கேளுங்கள். சங்கச் சந்தா ரசீது, பழைய துண்டறிக்கை, நீதிமன்றச் சம்மன், இரவல் கேமராவில் எடுத்த ஊர்வலப் படம் எதையும் எரவாணத்தில் செருகி வைக்காதீர்கள். படமெடுத்து மூன்று இடத்தில் பிரதி வையுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். ஆண்டு இல்லாத படத்தை நாளைக்கு யாரும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

இல்லாத ஒரு கப்பலின் ஒவ்வொரு திருகாணியும் இன்று துல்லியமாகத் தெரிகிறது. ராமையாவின் குடிசைக்கு எத்தனை முழம் நீளம், வாசல் எந்தத் திசை, உள்ளே எத்தனை பேர் நிற்க இடமிருந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்போம்.