நிலம் கைமாறும்போது: மலாக்காத் தோட்டங்களும் தமிழர் குடியிருப்பும்

மலாக்காத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் கங்காணியையும் முதலில் நாடுவர். நிலப்பயன் மாறிய கதையை இறுதியிலேயே தொடுவர். நம் குடியிருப்புகளை ஆக்கியதும் கலைத்ததும் அக்கதையே.

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். அடுத்து அசகானிலும் காடு தோட்டமாயிற்று. களை சிறிதுமின்றி நிலத்தை வழித்து வைத்த அக்கால முறையால் மேல்மண் கரைந்து ஆறுகளில் வண்டல் படிந்தது. அந்நிலத்தில்தான் லயமும் கோயிலும் பள்ளியும் எழுந்தன. ஆயினும் உழைத்தவருக்கு அவற்றின் மீது நிலவுரிமை இல்லை. வேலை போனால் வீடும் போயிற்று.

இக்குறை 1950களில் தோட்டத் துண்டாடலின்போது வெளிப்பட்டது. ஐரோப்பியர் விற்ற தோட்டங்களை வாங்கியோர் சிறு கூறுகளாக்கி விற்றனர். 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் 'தோட்டம்' எனக் கொள்ளப்படுவதில்லை. ஆதலால் தோட்ட முதலாளிக்குரிய கடப்பாடுகளும் நழுவின. இதற்கு விடையாகவே 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு தவணைகளே தோட்டம் வாங்கும் முதலாயின.

நகரிலும் இதே விதிதான். பண்டா ஹிலிர்க் கடல் தூர்க்கப்பட்டுக் கடைவீதிகள் எழுந்தன; கரை விலக, மீனவர் வாழ்வும் நெருக்குண்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டபின் பழைய கடைவீடுகளின் குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபு நகராக ஏற்றது; கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தோர் குறைந்தனர். காஜா பேராங் செட்டிக் கிராமத்தை ஒட்டியும் உயர்மாடிக் கட்டடத் திட்டம் வந்தபோது அச்சமூகம் எதிர்க்குரல் எழுப்பியது.

நிலத்தோடு சொல்லும் போகிறது. பிரட்டுக்களம், வெட்டுக்காடு, நிரை, மங்கு ஆகியவை தொழிலோடு பிறந்த சொற்கள். அலுவல் ஏட்டில் ஒரு பெயரும் தமிழர் நாவில் வேறொரு பெயரும் கொண்ட தோட்டங்கள் பல. அவை 'தாமான்' ஆனதும், ஏட்டில் ஏறாத பெயரே முதலில் மறைகிறது.

உம்பாய் முதல் அசகான் வரையுள்ள ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. மாணவரைக்கொண்டு பாட்டன் பாட்டியர் அறிந்த இடப்பெயர்களை எழுதி வைக்கச் செய்க. கோயிலும் பள்ளியும் நிற்கும் நிலம் எவர் பெயரில் உள்ளதென இன்றே கேட்டறிக. விற்பனை முடிந்தபின் கேட்பது வரலாறாகும்; முன்னரே கேட்பது காப்பாகும்.