உறவு, பாலியல், உடல்நலம்: வானொலி நிகழ்ச்சி நடத்துதல்

காதல், மணவாழ்வு, பாலுறவு, மாதவிடாய், கருத்தடை குறித்த நேயர்களின் ஐயங்களுக்கு மருத்துவர் துணையோடு விடை தரும் ஒலிபரப்பு. தமிழில் இந்தப் பேச்சை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது தொலைக்காட்சி. மனநல மருத்துவர் மாத்ருபூதமும் மருத்துவர் ஷர்மிளாவும் நடத்திய ‘புதிரா புனிதமா’ அதற்குச் சான்று. கூச்சத்தைச் சிரிப்பால் கரைத்த மாத்ருபூதம் 2004இல் காலமானார். வானொலியில், அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். (90.4) என்னும் சமூக வானொலி பெண்கள் நலத்துக்கு நேரம் ஒதுக்கியது.

சமூக வானொலியின் வீச்சு 10 முதல் 15 கி.மீ. வரைதான்; ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரோ சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருப்பதால் சென்னையின் ஒலிபரப்பு அங்கு எட்டாது. ஆனால் அங்கிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைகளில் ஷிப்ட் முடித்து, விடுதி அறையைப் பலரோடு பகிரும் இளம்பெண்களுக்கே இத்தகைய குரல் மிகவும் தேவை. இயர்போனில் கேட்பதை யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

தொகுப்பாளர் அழைப்பவரின் பெயர், ஊர், ஆலை எதையும் வெளிவிடக் கூடாது. நோயைத் தானே கணிக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் வன்கொடுமையைச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி (2012) காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கான உதவி எண் 104, பெண்கள் உதவிக்கு 181.