பழைய உடையைத் தைப்போர்

பதினோராம் நூற்றாண்டில் சீன நாட்டின் லுவோயாங் நகரில் சிமா குவாங் என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். அரசியலிலிருந்து ஒதுங்கி அந்நகரில் தங்கியிருந்த காலத்தில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சீன வரலாற்றைத் தொகுத்து 1084இல் நிறைவு செய்தவர் அவர். அவருக்கு ஒரு விந்தையான பழக்கம் இருந்தது. வெளியே செல்லுங்கால் அக்கால அரசு அலுவலர்க்குரிய உடையில் குதிரை ஏறுவார். உடன் ஒரு தோற்பையும் செல்லும். தம் தோட்டத்தை அடைந்ததும் பையிலிருந்து வேறோர் அங்கியை எடுத்து அணிந்துகொள்வார். பண்டைய சடங்கு நூலாகிய லீ ஜி கூறும் இலக்கணப்படி அவர் செய்வித்துக்கொண்ட 'ஷென்யி' என்னும் நீண்ட அங்கி அது. ஒருநாள் தம் நண்பரும் மெய்யியல் அறிஞருமாகிய ஷாவ் யோங்கிடம், நீரும் இதனை அணியலாகாதா என்று வினவினார். தாம் இக்காலத்து மனிதர், ஆகவே இக்காலத்து உடையே தமக்குத் தகும் என்றார் ஷாவ் யோங். அவ்விடையின் நியாயத்தைச் சிமா குவாங் ஒப்புக்கொண்டதாகவே செய்தி கூறுகிறது. ஆயினும், அதன் பின்னர் அவர் தோற்பையை விட்டுவிட்டார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை!

பழங்கால உடையைத் தைத்து அணியும் பொழுதுபோக்கு நம் காலத்தில் தோன்றிய புதுமை என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் நன்று. ஷாவ் யோங் எழுப்பிய தடையும் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

சீனரிடையே இப்பொழுதுபோக்கு புத்துயிர் பெற்ற நாளாக 2003ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாளைக் குறிப்பர். அன்று ஹெனான் மாநிலத்து ஜெங்ஜோ நகரில் வாங் லெதியன் என்னும் மின்துறைத் தொழிலாளர் ஒருவர், ஹான் காலத்து முறையில் அமைந்த அங்கியை அணிந்து கடைத்தெருவில் நடந்தார். அத்தகைய உடை அந்நாளில் கடைகளில் கிடைப்பதில்லை. ஆர்வலர்கள் தாமே தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இச்செய்தியை அதே மாதத்தில் உலகறியச் செய்தது சிங்கப்பூரின் 'லியன்ஹ சாவ்பாவ்' நாளிதழ் என்பது நம் வட்டாரத்தார் அறிந்துகொள்ளத்தக்கது. 'ஹான்ஃபூ', அதாவது ஹான் மக்களின் உடை, என்னும் சொல் அதன் பின்னரே பரவலாக வழங்கலாயிற்று.

தம் முன்னோர் உடையை ஒரு சமுதாயம் ஏன் இவ்வாறு தேடி எடுக்க வேண்டியதாயிற்று? விடை 1645ஆம் ஆண்டில் உள்ளது. மிங் மரபு வீழ்ந்து மஞ்சுக்களின் சிங் மரபு ஆட்சிக்கு வந்ததும், ஆடவர் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும், மஞ்சு உடை அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. மறுத்தவர்க்குத் தண்டனை மரணம். அவ்வாணையை எதிர்த்து ஜியாங்யின் என்னும் சிற்றூர் 81 நாள் மதிற்கதவை அடைத்துப் போரிட்டு அழிந்தது. மயிருக்கும் துணிக்குமாகவா உயிர் விட்டனர் என்று கேட்பது எளிது. மானம் எங்கே குடிகொண்டிருக்கிறது என்பதை வெளியே நிற்பவர் முடிவு செய்ய இயலாது.

எனினும், பழைய உடை முற்றும் அழிந்துவிடவில்லை. மகளிர் உடையில் ஆணை கடுமை காட்டவில்லை. தாவோ சமயப் பூசகர்களும் தம் அங்கியைக் காத்துக்கொண்டனர். கூத்து மேடையும் மிங் காலத்து உடையைப் பெரிதும் தாங்கி நின்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் கோயிலின் எதிரே நடைபெறும் கூத்தை நின்று பார்த்தவர்கள், தாம் அறியாமலே மிங் காலத்துத் துணிவெட்டின் சாயலைக் கண்டவர்கள் ஆவர்.

இதற்கு மாறாக, சீன உடை என்று உலகம் அறிந்தவை பல மஞ்சு ஆட்சியின் வழி வந்தவை. 2001இல் ஷாங்காயில் கூடிய ஆசிய பசிபிக் நாட்டுத் தலைவர்கள் அணிந்த பட்டுச் சட்டை 'தாங் உடை' என்று போற்றப்பட்டது. ஆயினும் அதன் மூலம் தாங் மரபன்று. சிங் காலத்து மேற்சட்டையே. இவ்வுண்மை பல இளைஞரை உறுத்தியது.

இனித் தைக்கும் கலைக்கு வருவோம். பண்டைச் சீனத் தறியில் நெய்த துணியின் அகலம் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டரே. ஆகவே ஓர் அங்கிக்கு இரண்டு துணிகளை உடலின் நடுவே இணைத்தாக வேண்டும். முதுகின் நடுவில் கழுத்திலிருந்து கீழ்வரை ஒரு தையல் ஓடும். தோளில் தையல் இல்லை. துணி முன்னும் பின்னும் ஒன்றாக மடிந்து விழும். கை நீள வேண்டுமாயின் மற்றொரு துண்டை இணைப்பர். இன்றைய துணியோ ஒன்றரை மீட்டர் அகலம் உடையது. நடுத்தையல் தேவையே இல்லை. ஆயினும் நேர்மையான ஆர்வலர் முழுத் துணியை நடுவே வெட்டி, மீண்டும் அதே இடத்தில் தைக்கிறார். தையற்கடைக்காரர் இதனைக் கண்டால் நகைப்பார். லீ ஜி நூலோ அந்த முதுகுத் தையலை நூல் பிடித்தாற்போன்ற நேர்மைக்கு அடையாளமாக்குகிறது. ஷென்யியின் கீழ்ப்பகுதியில் உள்ள பன்னிரண்டு துண்டுகளைப் பன்னிரு மாதங்களோடு ஒப்பிடுகிறது. தறியின் வரம்பு அறத்தின் குறியீடாகிவிட்டது!

மார்பில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேல் வர வேண்டும் என்பது தவறாத விதி. மாற்றி மடிப்பது இறந்தவர்க்குரியது. தாமே தைத்துத் தாமே அணிந்து, கண்ணாடியில் பார்த்து மடிப்பைச் சரிசெய்யும் புதியவர்கள் இதில் தடுமாறுவதுண்டு.

இவ்வளவு நுட்பங்களையும் எங்கிருந்து அறிந்தனர் எனில், கல்லறைகளிலிருந்தும் ஓவியங்களிலிருந்தும்தான். இவ்வறிவைத் தொகுத்தவருள் தலையாயவர் ஒரு நாவலாசிரியர். 'எல்லை நகரம்' என்னும் கதையால் புகழ்பெற்ற ஷென் சொங்வென், 1949க்குப் பின் கதை எழுதும் பணியை ஏறக்குறைய விட்டுவிட்டு, பெய்ஜிங் வரலாற்று அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களோடு பொழுது கழித்தார். அவர் 1964இல் தொடங்கிய பண்டைச் சீன உடை ஆராய்ச்சி நூல், பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பைத் தாண்டி, 1981இல் ஹாங்காங்கில் அச்சேறியது. எழுத்தாளர் ஒருவர் பேனாவை அடக்கிக்கொண்டு துணிமடிப்புகளை எண்ணிய அந்த ஆண்டுகளை எழுத்துலகம் இழப்பென்றே கருதும். ஊசி பிடிப்போர்க்கு அது பெரும்பேறு.

இப்பொழுதுபோக்கில் இடர் இல்லாமலும் இல்லை. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், செங்டு நகரில் ஜப்பானுக்கு எதிரான ஊர்வலம் நடந்தது. உணவகமொன்றில் இருந்த இளம்பெண் அணிந்திருந்தது ஜப்பானியரின் கிமோனோ என்று சிலர் ஆர்ப்பரித்தனர். அது ஹான் காலத்து உடை என்று சொல்லியும் அவர்கள் செவியில் ஏறவில்லை. பொது இடத்திலே அவ்வுடையைக் கழற்ற வைத்து, தெருவில் தீயிட்டனர். தம் முன்னோரின் உடையையே அடையாளம் அறியாமல், அம்முன்னோரின் பெயராலேயே எரித்தவர்களை என்னென்பது! இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹான் உடையைப் போற்றுவோரில் ஒரு சாரார் மஞ்சு மக்களை இழித்துப் பேசுகின்றனர். ஐம்பத்தாறு இனங்கள் வாழும் நாட்டில் ஓர் இனத்தின் அங்கி மற்றோர் இனத்திற்கு வசையாகிவிடக்கூடாது. ஊசியெடுத்த நோக்கமே அதனால் கெட்டுவிடும்.

வணிகமும் புகுந்தது. ஷான்டோங் மாநிலத்துச் சாவோ வட்டம், முன்னர் மேடை உடைகளைத் தைத்து வந்தது; பின்னர் 'குதிரைமுகப் பாவாடை' என்னும் மிங் காலத்துக் கொசுவப் பாவாடையை ஏராளமாகத் தயாரித்துப் புகழ்பெற்றது. மலிவானவற்றில் பழைய நெசவும் பூவேலையும் இரா. அச்சிட்ட பூக்களே இருக்கும். நுணுக்கம் பேணுவோர் முகம் சுளிக்கின்றனர். ஆயினும் கூலிக்கு உழைக்கும் ஒரு பெண் புத்தாண்டில் அதை வாங்கி உடுத்தித் தன் பிள்ளையோடு கோயிலுக்குப் போனால், அவளைக் குறை கூற எவருக்கு உரிமையுண்டு?

நுணுக்கத்தின் எல்லையைக் காண விரும்புவோர் சாங்ஷா நகருக்குச் செல்ல வேண்டும். 1972இல் அந்நகருக்கு அருகே மாவாங்துய் என்னும் இடத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஷின் ஜுய் என்னும் சீமாட்டியின் கல்லறை திறக்கப்பட்டது. அதில் மெல்லிய பட்டு அங்கி ஒன்று இருந்தது. நீளம் 128 சென்டிமீட்டர். இரு கைகளின் நுனிக்கிடையே 190 சென்டிமீட்டர். எடையோ 49 கிராமே. நாஞ்சிங் நகரத்து நெசவு ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் போன்ற ஒன்றை நெய்ய முற்பட்டபோது, முதற்படி 80 கிராமுக்கு மேல் எடை காட்டியது. நெசவில் பிழை இல்லை. வெட்டிலும் பிழை இல்லை. பட்டுப்புழுவே ஈராயிரம் ஆண்டுகளில் பருத்துவிட்டிருந்தது. பருத்த புழு தடித்த இழையைத் தந்தது. மெல்லிய இழைக்கு வழி தேடி, மீண்டும் மீண்டும் நெய்து பார்த்து, மூல அங்கியின் எடையை ஒத்த படியை 2019இல்தான் அவர்களால் அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க முடிந்தது.